சுமை இல்லாத அரை மணித்தியாலம்

இறக்காமத்திலிருந்து ஓர் அங்கத்தவர்



“நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறோம். இதற்கு மேல் என்ன எக்ஸர்சைஸ்?” கிளினிக்கில் மிஸ்ஸி “ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும்” என்று சொல்லும்போது நம்மில் அநேகர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பதில் இது. சிலர் வாய்விட்டே சொல்லிவிடுவார்கள். மிஸ்ஸி சிரித்துவிட்டு அடுத்தவரின் கொப்பியை எடுப்பார்.

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி நியாயம்தான். மீதியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இரண்டு விஷயம். சம்பளத்துக்குச் செய்யும் உழைப்பு உடற்பயிற்சி ஆகாது. பிள்ளை குட்டிக்காரருக்கு உடற்பயிற்சி செய்ய முடியாமல் போவது சோம்பலால் அல்ல, நேரம் இல்லாததால். நேரத்தை வீட்டிலும் தோட்டத்திலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே இது டொக்டர் மட்டும் பேசி முடிக்கிற கதை இல்லை. சங்கமும் பேச வேண்டியது.

இந்த மடலைப் படிப்போரில் பெரும்பாலோர் தேயிலை, இறப்பர் தோட்டத்தார். நான் இருப்பது அம்பாறை மாவட்டத்து இறக்காமம். இங்கே குளம், வயல், அதற்கு அப்பால் ஹிங்குரான சீனித் தொழிற்சாலைக்குப் போகும் கரும்பு. எங்களுக்குப் பிரட்டுக்களமும் லயமும் இல்லை. உங்களுக்கு எங்கள் வெயில் இல்லை. ஆனாலும் குனிந்து நிமிர்கிற முதுகு எல்லோருக்கும் ஒன்றுதான். கிளினிக் வரிசையும் ஒன்றுதான்.

வேலை தேய்க்கும், பயிற்சி தேற்றும்

கரும்பு வெட்டுகிறவர் ஒரே பக்கமாகக் குனிகிறார், ஒரே கையால் வீசுகிறார். கொழுந்து எடுக்கிறவர் மணிக்கணக்காகக் கழுத்தை முன்னே சாய்த்து, கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி, விரலை ஓட்டிக்கொண்டு சரிவில் நிற்கிறார். இறப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன்னே மரத்துக்கு மரம் போகிறார். மூன்றிலும் ஒன்று பொது. அதே மூட்டு, அதே தசை, அதே அசைவு. களைத்தாலும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் கிலோ குறையும், பேர் அரைப்பேராகும்.

2018ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்பு நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து, 193,696 பேரின் விபரங்களைப் பார்த்தார்கள். வேலையில் கடுமையாக உடலை வருத்திய ஆண்களுக்கு, உடலுழைப்புக் குறைந்த வேலையில் இருந்த ஆண்களைவிட முந்தி இறக்கும் அபாயம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. கடும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வறியவர்கள், நல்ல சாப்பாடும் வைத்தியமும் குறைந்தவர்கள். அந்த வறுமையும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. எந்தக் காரணமாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். வேலையில் சிந்தும் வியர்வை நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

ஓய்வு நேரத்தில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் வேறு பலன் ஏன்? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் நமக்குப் புதிதல்ல. பயிற்சி என்பது கொஞ்ச நேரம் இதயத்தை வேகமாக அடிக்கவிட்டு, பிறகு ஆறவிடுவது. வேலையில் இதயத் துடிப்பும் பிரஷரும் எட்டு மணித்தியாலம் மெல்ல ஏறியே நிற்கின்றன. ஆறுவதற்கு இடைவெளி இல்லை. பயிற்சியில் வேகத்தைத் தீர்மானிப்பது நாம். வேலையில் தீர்மானிப்பது நாள் கிலோ. பயிற்சியில் வலித்தால் நிறுத்தலாம். வேலையில் வலித்தால் சித்தாலேப பூசிக்கொண்டு தொடர வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் எல்லோரும் வருடம் முழுக்க ஒரே மாதிரி உழைப்பதில்லை. கரும்பு வெட்டு முடிந்தால் எங்கள் ஆட்கள் பலர் மாதக்கணக்கில் திண்ணையில்தான். டிரக்டர் ஓட்டுகிறவர், தொழிற்சாலை மெசினடியில் நிற்கிறவர், காவல் வேலை பார்க்கிறவர், பென்சன் வயதை நெருங்குகிறவர் எல்லோரும் ‘உழைப்பாளி’ என்ற பேரில் ஒரே இடத்தில் உட்கார்ந்தோ நின்றோ இருப்பவர்கள்தான். ஆனால் சாப்பாடு மட்டும் வெட்டு நாளில் சாப்பிட்ட அதே அளவு.

உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி இலங்கையில் நடக்கும் மரணங்களில் 83 சதவீதம் தொற்றா நோய்களால் வருபவை. இதய நோய், பக்கவாதம், சீனி வருத்தம், புற்றுநோய், சுவாச நோய் எல்லாம் அதற்குள் அடங்கும். இவை பணக்கார வியாதி என்ற காலம் போய்விட்டது. இன்று லயத்திலும் உண்டு, எங்கள் வளவிலும் உண்டு.

சென்னையில் கண்டது

இவை வராமல் தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நம் சாப்பாடு சாப்பிடும் நம் மக்களிடம் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியானது. சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற 531 பேரை சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 100க்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. நடையும் உணவு மாற்றமும் செய்த குழுவில் அது 100க்கு 39 பேராகக் குறைந்தது. மாத்திரை இல்லாமல் கிடைத்த பலன் அது.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏற்கெனவே கடும் உடலுழைப்பில் இருந்தவர்களிடம் கூடுதல் நடை கேட்கவில்லை. அவர்களுக்கு உணவில்தான் பாடம். ஆகவே வேலை நடக்கும் காலத்தில் நாம் முதலில் கைவைக்க வேண்டியது பிளேன்டீயில் போடும் சீனியும், மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியாகிப் போன தட்டும். வேலை குறையும் காலத்தில் நடையையும் சேர்க்க வேண்டும். சீனிக்குக் கரும்பு வெட்டுகிற ஊரிலிருந்து இதைச் சொல்வது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது எட்டு யாருடையது?

எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் உறக்கம், எட்டு மணித்தியாலம் நமக்கு. இந்தக் கோரிக்கைக்காகத்தான் 1886 மே மாதம் சிக்காகோவில் தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் அதே வழியில்தான். நாம் ஒவ்வொரு வருடமும் ஊர்வலம் போகிறோம். முதலாவது எட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மூன்றாவது எட்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறோமா?

தோட்டத்தில் ஒரு தாயின் நாளைப் பாருங்கள். நாலு மணிக்கு எழும்பினால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகளின் சாப்பாடு. சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓட்டம். பிறகு மலை. பின்னேர நிறுவைக்கு வரிசை. வீட்டுக்கு வரும் வழியில் விறகு. மறுபடி அடுப்பு, பாத்திரம், துணி, பிள்ளையின் பாடக் கொப்பி. படுக்கும்போது பத்து மணி. இந்தத் தாயிடம் போய் “தினமும் அரை மணித்தியாலம் உங்களுக்காக ஒதுக்குங்கள்” என்று சொல்வது, பசியோடு இருப்பவரிடம் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வதைப் போன்றது.

1984இல் போராடி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வாங்கினோம். அது நம் சங்க வரலாற்றில் பெருமைக்குரிய வருடம். ஆனால் வீட்டுக்குள் அந்தச் சமம் இன்னும் வரவில்லை. ஆண்கள் பலர் தங்களுக்கு அளந்து கொடுத்த வேலையை முடித்துவிட்டு மதியத்தோடு இறங்கிவிடுகிறார்கள். பெண்கள் பின்னேரம்வரை மலையில். அந்த இடைப்பட்ட மணித்தியாலங்களில் அடுப்பு ஏன் அணைந்தே கிடக்க வேண்டும்?

எங்கள் பக்கமும் அதே கதைதான். சுபஹுத் தொழுகை முடிந்து குளக்கட்டுப் பக்கமும் ரோட்டிலும் கைவீசி நடப்பவர்கள் ஆண்கள். அந்த நேரத்தில் பெண்கள் குசினியில். காக்காமார் நடந்துவிட்டு வந்து கடையில் சீனி போட்ட தேத்தண்ணியும் குடித்துவிட்டு வீடு வரும்போது, ராத்தாமார் இரண்டாவது முறை உலை வைத்திருப்பார்கள். சீனி வருத்தம் ஆளைப் பார்த்து வருவதில்லை. நடக்க நேரம் மட்டும் ஆளைப் பார்த்துக் கிடைக்கிறது.

ஆகவே கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். மனைவி நடக்கட்டும் என்று ‘அனுமதி’ கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. அந்த அரை மணித்தியாலத்து வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால்தான் அவர் நடக்க முடியும். கிழமையில் நான்கு நாள், ஒரு வேளைச் சமையலோ பிள்ளைகளின் குளிப்பாட்டலோ உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் இது மலிவு.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் இது. வளர்ந்தவர்களுக்குக் கிழமையில் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு. நாள் கணக்கில் 22 நிமிடம்கூட இல்லை. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ஐந்து நிமிடமும் பத்து நிமிடமுமாகச் சேர்த்தாலும் கணக்கில் சேரும். கிழமையில் இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி. பிள்ளைகளுக்கு, 5 முதல் 17 வயதுவரை, நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். மிதமான வேகம் என்றால் என்ன? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

உழைக்கும் உடலுக்கு ஏற்ற மாதிரி இதை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சுமை இல்லாத நடை. கூடையும் இல்லை, விறகும் இல்லை, இடுப்பில் பிள்ளையும் இல்லை. நிமிர்ந்து, கைவீசி, முன்னே பார்த்து நடப்பது. நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு இதுவே மருந்து.

இரண்டாவது, எதிர்ப்பக்க அசைவு. வேலை உடலை முன்னே வளைக்கிறது. ஆகவே பயிற்சி பின்னே நிமிர்த்த வேண்டும். சுவரில் குதிகால், முதுகு, தலை மூன்றும் படும்படி ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டு கையையும் பின்னால் கோத்து நெஞ்சை விரியுங்கள். பாயில் குப்புறப் படுத்துத் தலையையும் தோளையும் மெல்லத் தூக்கி இறக்குங்கள். ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது, பலம். கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுவரில் கையை ஊன்றித் தள்ளுங்கள். ஜிம்மும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். கடும் வேலை செய்த நாளில் இதை விட்டுவிடலாம். வேலை இல்லாத நாளில் விடக் கூடாது.

நான்காவது, பிள்ளைகளோடு விளையாட்டு. பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், நமக்கு அரை மணித்தியாலம் வேண்டும். இரண்டையும் ஒரே முற்றத்தில் முடிக்கலாம். கிளித்தட்டு மறிப்பதும், எல்லே அடிப்பதும், கயிறடிப்பதும் மூச்சு வாங்க வைக்கிற விளையாட்டுகள். போனைக் கையில் கொடுத்துப் பிள்ளையை மூலையில் இருத்துவதைவிட இது இரண்டு பேருக்கும் நல்லது.

யாரோடு செய்வது என்பதும் முக்கியம். எங்கள் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஆகவே உம்மா, ராத்தா, தங்கச்சி எல்லோரும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க இருவர் நடக்கலாம், மறுநாள் மாறிக்கொள்ளலாம். லயத்திலும் சுவருக்குச் சுவர் பக்கத்து வீடு இருக்கிறது. மூன்று தாய்மார் சேர்ந்தால் முறைவைத்து நடக்கலாம். சேர்ந்து போனால் நாய்க்கும் பயமில்லை, ஊர் வாய்க்கும் பயமில்லை. யானை நடமாட்டம் உள்ள காலத்தில் இருட்டில் கரும்புப் பக்கமோ காட்டுப் பக்கமோ போக வேண்டாம். வளவுக்குள்ளேயே இருபது சுற்றுச் சுற்றினாலும் நடைதான். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கச் சற்று முன்னர் மெல்லிய நடை, அல்லது தராவீஹுக்குப் பிறகு.

சில எச்சரிக்கைகள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்க வேண்டாம், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மணித்தியாலம்கூடத் தூங்காதவர்களுக்கு முதல் பயிற்சி தூக்கம்தான். உச்சி வெயிலில் எதுவும் வேண்டாம். நிகரகுவா, எல் சல்வடோர் நாடுகளில் கரும்புத் தொழிலாளர் பலர் இளம் வயதிலேயே சிறுநீரக நோயால் இறந்தார்கள். வெயிலில் ஓய்வும் போதிய தண்ணீரும் இல்லாத கடும் வேலை அதன் முக்கிய காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அங்கே தொழிலாளருக்காகப் பேசுகிறவர்கள் முன்வைக்கும் கோரிக்கை மூன்று சொல்: தண்ணீர், ஓய்வு, நிழல். நமக்கும் அது பொருந்தும்.

“முதலில் சம்பளம் வரட்டும்” என்பவர்களுக்கு

சம்பளம் கூடாமல் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சம்பளம் கூடினால் நல்ல சாப்பாடு வரும், ஓவர்டைம் தேடி ஓடுவது குறையும், நேரம் மிச்சமாகும். சம்பளக் கோரிக்கையும் நேரக் கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஆனால் ஐம்பது வயதில் பக்கவாதம் வந்து படுத்தவருக்குக் கூடிய சம்பளம் எந்த வழியில் வந்து சேரும்?

மறுபக்கத்தில், நிர்வாகம் ஒரு நாள் யோகா வகுப்பு வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, தொழிலாளர் நலம் பேணினோம் என்று சொல்லலாம். வகுப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் நமக்கு வேண்டியது ஒரு நாள் வகுப்பு அல்ல, ஒவ்வொரு நாளும் நேரம்.

சங்கம் கேட்க வேண்டியவை

ஒன்று, பின்னேர நிறுவை சொன்ன நேரத்தில் தொடங்கிச் சொன்ன நேரத்தில் முடிய வேண்டும். வரிசையில் நிற்கும் அந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வும் இல்லை.

இரண்டு, பிள்ளை மடுவம் வேலை முடிந்து இன்னும் அரை மணித்தியாலம் திறந்திருக்க வேண்டும். அந்த அரை மணித்தியாலம் தாயுடையது.

மூன்று, தோட்ட மைதானத்திலும் ஊர் மைதானத்திலும் கிழமையில் சில நேரங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். வெளிச்சமும் பாதுகாப்பும் வேண்டும்.

நான்கு, சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்க்க அரச வைத்தியசாலைகளில் இலவசப் பரிசோதனை உண்டு. அதற்குப் போகும் நாளில் பேர் வெட்டக் கூடாது. முடிந்தால் பரிசோதனையே தோட்டத்துக்கு வர வேண்டும்.

ஐந்து, வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் குறித்த நேரத்தில் ஓய்வு, நிழல், சுத்தமான குடிதண்ணீர்.

இந்த ஐந்தையும் நிர்வாகத்திடம் கேட்பதற்கு முன்னர் நம் கிளைகள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்தை, பெண்கள் அடுப்படியை விட்டு வர முடிகிற நேரத்தில் வையுங்கள். கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க இரண்டு ஆண் தோழர்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அந்தக் கூட்டத்தில், கடந்த கிழமை தனக்கென்று அரை மணித்தியாலம் கிடைத்தவர்கள் கைதூக்குங்கள் என்று கேளுங்கள். எத்தனை கை எழும்புகிறது, அதில் எத்தனை வளையல் போட்ட கை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரியில் அந்த எண்ணிக்கை வரட்டும்.